உடும்பு இன்டர்வியூவுக்குப் போன கதை

ஒரு காட்டில், ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த புற்றில், வேலைவெட்டி இல்லாத உடும்பு ஒன்று படுத்திருந்தது. பெயர் மாசாணம். புற்றும் அதனுடையது இல்லை. அக்கா இசக்கியும் அத்தானும் குடியிருக்கும் புற்று. மாசாணம் ஓரமாகத்தான் படுக்கும். ஆனால் வால் நடுவீட்டுக்கு வந்துவிடும். அத்தான் தினமும் அதை மிதிப்பார். மிதித்துவிட்டு அவரே கோபப்படுவார்.

ஒருநாள் மிதித்த கையோடு முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஏ மாப்ளே, மழை விழுறதுக்குள்ள ஏதாவது ஒரு வேலையைப் பிடி. இல்லேன்னா வேற புத்து பாத்துக்கோ. நனைஞ்சுக்கிட்டு வந்து வாசல்ல நின்னாலும் தெறக்க மாட்டேன்."

"புத்துக்குக் கதவே கெடையாதே அத்தான்."

"நான் வாசல்ல குறுக்க படுத்துக்கிடுவேன்லே!"

அக்கா வாயே திறக்கவில்லை. வாய்க்குள் முட்டை இருந்தது. இந்த மாதிரி நேரம் பார்த்துத்தான் அக்கா வாயில் முட்டை இருக்கும்.

அந்த வாரமே காட்டு நிர்வாக அலுவலகத்தின் ஆலமரத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். 'உதவி மேற்பார்வையாளர். காலிப் பணியிடம் ஒன்று.' யாரை மேற்பார்வையிட வேண்டும், யாருக்கு உதவ வேண்டும், ஒன்றும் போடவில்லை. இதற்கு முன் அந்த வேலையில் ஓர் ஆமை இருந்தது. அது ரிட்டயர் ஆகி ரொம்ப நாளாகிறது. வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் ஆபீஸ் கேட்டைத் தாண்டவில்லை.

மாசாணம் ஜெராக்ஸ் கடைக்கு ஓடியது. கடைக்காரக் குரங்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தன் வாலையே சொறிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, ஒரு பயோடேட்டா அடிக்கணும்."

"அடிச்சிருவோம். அனுபவம் என்ன?"

"புத்துக்குள்ள படுத்திருக்கேன்."

குரங்கு தட்டியது. 'நிலத்தடிக் கட்டுமானத் துறையில் நீண்டகால அனுபவம்.'

"அப்புறம்?"

"கோழிக் கூட்டுல முட்டை எடுத்தேன். தொரத்திட்டாங்க."

'முட்டைக் கொள்முதலிலும், களப்பணியிலும் தேர்ச்சி. அழுத்தமான சூழலில் வேகமாகச் செயல்படுவார்.'

"யாருண்ணே இவரு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டது மாசாணம்.

"நீதாம்டே."

"நல்ல ஆளா இருக்காரே!"

போட்டோதான் பாடாய்ப் படுத்தியது. கேமரா கிளிக் என்ற நொடியில் நாக்கு வெளியே வந்துவிடும். "நாக்க உள்ள போடுய்யா" என்று குரங்கு கத்தும். போட்டால் அடுத்த நொடி மறுபடி வரும். கடைசியில் குரங்கு கம்ப்யூட்டரில் நாக்கை அழித்தது. அழித்ததில் வாயும் சேர்ந்து போய்விட்டது. "பரவால்ல, அடக்கமான ஆளுன்னு நெனப்பாங்க" என்றது.

அடுத்தது பயோடேட்டாவுக்குச் சான்றொப்பம். பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அந்தக் காட்டில் பச்சோந்திக்கு மட்டும்தான் இருந்தது. போன நேரம் அது காய்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. கையெழுத்தும் காய்ந்த கலரிலேயே விழுந்தது. "இலைக்கு மாறி உக்காந்து போடலாமா சார்?" என்று கேட்டதற்கு, "இன்னைக்கு நான் கிளை டூட்டி" என்று கண்ணை வேறு பக்கம் உருட்டிக்கொண்டது.

கிளம்பும்போது குரங்கு ஓர் உபகாரம் செய்தது. "உங்க பலவீனம் என்னன்னு கண்டிப்பா கேப்பாங்க. 'அளவுக்கு மீறி உழைக்கிறதுதான் என் பலவீனம்'னு சொல்லணும். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

மாசாணம் வழியெல்லாம் மனப்பாடம் செய்தது. உங்க பலவீனம் என்ன, உங்க பலவீனம் என்ன, உங்க பலவீனம் என்ன. கேள்வி நன்றாக மனதில் பதிந்துவிட்டது. பதில்தான் பதியவில்லை.

இன்டர்வியூ அன்று வானம் கருத்துக் கிடந்தது. ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. முன்னால் மயில், கையில் லேமினேட் செய்த ஃபைல். அதற்குப் பின்னால் முயல். வரிசையில் நிற்காமல் நிழலில் ஒரு நரிப் பையன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு காது குடைந்துகொண்டிருந்தான். அவன் பயோடேட்டாவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'மாமா உள்ளே இருக்கிறார்.'

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைவர் யானையம்மா. ஒரு பக்கம் அந்த மாமா, அதாவது நரியார். இன்னொரு பக்கம் ஆந்தையார். ஆந்தையார் தூங்கிக்கொண்டிருந்தார். பகல் இல்லையா? அவர் தூங்கினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பியூன் கரடி முதல் பெயராக மாசாணத்தையே கூப்பிட்டுத் தொலைத்தது.

அறையில் வந்தவர்கள் உட்கார ஒரே ஒரு நாற்காலி இருந்தது. மாசாணம் உட்கார்ந்தது.

நரியார் பயோடேட்டாவைப் புரட்டினார். "கையெழுத்து ஏன் பழுப்பா இருக்கு?"

"அவரு அன்னைக்குக் கிளையில இருந்தாரு சார்."

"போட்டோவில வாய் இல்லையே?"

"அது… அடக்கம் சார்."

நரியார் மூக்கைச் சுளித்தார். அவ்வளவுதான், மாசாணத்துக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் உடும்பு எதையாவது பிடித்துக்கொள்ளும். பிடித்தால் பிடித்ததுதான். பயம் போனால்தான் விரல் தளரும். எட்டிய தூரத்தில் நாற்காலிதான் இருந்தது. நான்கு காலாலும் பிடித்துக்கொண்டது. வாலையும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"சரி, நீங்க போகலாம்" என்றார் நரியார்.

மாசாணம் எழுந்தது. நாற்காலியும் எழுந்தது.

"நாற்காலிய வச்சுட்டுப் போங்க தம்பி" என்றார் யானையம்மா.

"நானும் அதத்தான்மா பாக்குறேன். வர மாட்டேங்குது."

கரடி வந்து இழுத்தது. நாற்காலியோடு மாசாணமும், மாசாணத்தோடு கரடியும் சுவர் வரை போய்விட்டுத் திரும்பின. யானையம்மா தும்பிக்கையால் தூக்கி உதறிப் பார்த்தார். மாசாணத்தின் சட்டைப் பையிலிருந்து பாதி முட்டை ஓடு விழுந்தது. மாசாணம் விழவில்லை.

"ஓரமா வச்சுட்டு அடுத்த ஆளக் கூப்பிடுங்க" என்று பெருமூச்சு விட்டார் யானையம்மா. மாசாணத்தை நாற்காலியோடு தூக்கி ஆந்தையாருக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"மே ஐ கம் இன்" என்றபடி மயில் வந்தது. பார்த்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். நாலாவது ஆள் நாற்காலியை அப்படி அழுத்திப் பிடித்துக்கொண்டு முறைத்துப் பார்க்கிறார். இவர்தான் பெரிய ஆபீசர் என்று மயிலுக்குத் தோன்றிவிட்டது.

"வணக்கம் சார்" என்றது, மாசாணத்தைப் பார்த்து.

மாசாணம் ஏதாவது சொல்லியாக வேண்டும். தெரிந்தது ஒன்றுதானே?

"உங்க பலவீனம் என்ன?"

மயிலின் தோகை ஆடியது. அலகு துடித்தது. "காலு சார்" என்று அழ ஆரம்பித்துவிட்டது. "எல்லாரும் தோகைய மட்டும் பாக்குறாங்க. என் காலப் பாருங்க சார், குச்சி மாதிரி. இத வச்சுக்கிட்டு நான் எப்படி சார் மேற்பார்வை பண்ணுவேன்?" ஃபைலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடியது.

யானையம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை காலத்தில் இன்டர்வியூவில் ஒருத்தர் உண்மை பேசி அவர் பார்த்ததில்லை.

அடுத்தது முயல்.

"உங்க பலவீனம் என்ன?"

முயல் நரியாரை ஒரு பார்வை பார்த்தது. "அவரு முன்னால சொல்ல முடியாது சார்" என்றது. ஜன்னல் வழியாகப் போய்விட்டது.

இப்படியே வரிசை முழுக்கக் காலி. மத்தியானத்துக்குள் கரடி மாசாணத்துக்கும் சேர்த்து டீ கொண்டுவந்து வைத்தது. "சார், சர்க்கரை போதுமா?" என்று கேட்டது. கையை எடுக்க முடியாததால் மாசாணம் நாக்காலேயே குடித்தது. அந்த நாக்கு அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது.

சாயங்காலம் நரியார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "எல்லாரும் போயாச்சு. இனி நம்ம பையன் ஒருத்தன்தான் பாக்கி. டேய், உள்ள வாடா."

நரிப் பையன் வந்தான். நின்றான்.

"உக்காருடா."

"எதுல மாமா?"

எல்லோரும் மாசாணத்தைப் பார்த்தார்கள்.

யானையம்மாவுக்கு ஆற்றில் குளிக்கப் போகிற நேரம். காது இரண்டும் சட்டுச் சட்டென்று அடித்துக்கொண்டிருந்தன. "நரியாரே, இது என்ன பணியிடம்?"

"காலிப் பணியிடம்மா."

"காலிப் பணியிடம்னா நாற்காலி காலியா இருக்கணும். இருக்கா?"

"இல்ல… ஆனா, வேற நாற்காலி வாங்கிக்கலாமே?"

"அதுக்கு டெண்டர் விடணும். நீரு போன வருஷம் விட்ட டெண்டர்லதான் இந்த ஒத்த நாற்காலி வந்துச்சு. இன்னொண்ணு வர்ற வரைக்கும் நான் குளிக்காம இருக்கவா? நாற்காலி காலியா இல்ல. அப்போ பணியிடமும் காலியா இல்ல. ஆள் ஏற்கெனவே உக்காந்தாச்சு. பேர எழுதுங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

மாசாணத்தின் காதில் அது விழுந்தது. வேலை! நமக்கா? நெஞ்சுக்குள் ஏதோ குளுகுளுவென்று இறங்கியது. பயம் போயிற்று.

போனதும் விரல் ஒவ்வொன்றாகத் தளர ஆரம்பித்தது.

நரியார் அதைக் கவனித்துவிட்டார். முகம் அப்படியே தேனாக மாறியது. "அட, தம்பி! ஏன் இப்படி வெறச்சுப்போய் உக்காந்திருக்கீங்க? நம்ம ஆபீஸ்தான். கையக் காலத் தளத்தி வுடுங்க. மூச்ச நல்லா இழுத்து வுடுங்க. டேய், சாருக்கு விசிறுடா."

நரிப் பையன் விசிறினான். ஒரு கண் நாற்காலி மேலேயே இருந்தது. குளிர்ந்த காற்று. மாசாணத்தின் வால் அவிழ்ந்தது. பின்னங்கால் இரண்டும் விட்டுவிட்டன. யானையம்மா இன்னும் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு கால்தான் மிச்சம்.

மாசாணம் கண்ணை இறுக மூடிக்கொண்டது. பயப்பட வேண்டும். உடனே பயப்பட வேண்டும். புலியை நினைத்தது. புலியைப் பார்த்ததே இல்லை, பயம் வரவில்லை. பாம்பை நினைத்தது. பாம்பு சொந்தக்காரன் மாதிரி. அப்புறம் அத்தானை நினைத்தது. கொட்டுகிற மழையில் புற்று வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு, "வந்துட்டியாலே வெறுங்கையோட?" என்று பல்லைக் கடிக்கிற அத்தானை.

சடக்!

நாற்காலியின் கைப்பிடியில் நகம் இறங்கிய சத்தத்தில் ஆந்தையாரே கண் விழித்துவிட்டார். நரியார் விசிறியைப் பிடுங்கித் தன் மருமகன் தலையில் போட்டார். யானையம்மா பேனாவைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டார். பேனா அவர் காதிலேயேதான் இருந்தது.

இருட்டுவதற்குள் கரடி மாசாணத்தை நாற்காலியோடு தலையில் சுமந்து வந்து புற்று வாசலில் இறக்கியது. நியமன உத்தரவை அக்கா கையில் கொடுத்து, "சாரோட வீடு இதுதானுங்களா?" என்று கேட்டது. அக்கா வாயிலிருந்த முட்டை நழுவித் தரையில் விழுந்து உடைந்தது.

அத்தான் உத்தரவைப் படித்தார். நாற்காலியைப் பார்த்தார். புற்று வாசலையும் பார்த்தார். நாற்காலி நுழையாது.

"எறங்கி வரலாம்ல மாப்ளே?" என்றார் மெதுவாக.

"பழக்கமாயிருச்சு அத்தான்."

முதல் தூறல் விழுந்தது. அத்தான் குனிந்து, இரண்டு கையாலும் வாசலைத் தோண்டி அகலமாக்க ஆரம்பித்தார். நடுவில் ஒருமுறை மட்டும் நிமிர்ந்தார்.

"சார் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மண்ணு மேல தெறிக்கும்."

நீதி: வேலையைப் பிடிக்க நினைத்து அலையாதீர்கள், நாற்காலியைப் பிடியுங்கள், வேலை தானாக வந்து உங்கள் மேல் உட்காரும்.