வான்கோழிக்குப் பணிந்த மாப்பிள்ளை

இஷாம் கதவை விரற்கடை அளவு திறந்து பார்த்தான். வான்கோழிச் சேவல் இன்றைக்கும் படிக்குக் கீழேயே நின்றது.

கலியாணம் முடித்து, ஊர் வழக்கப்படி ஏறாவூரில் பெண்வீட்டுக்குக் குடிவந்து ஒன்பது நாள். வீடு மனைவி இர்ஷானாவின் சீதனம், சுற்றியிருந்த வளவும் சீதனம், அதில் மேய்கிற வான்கோழியும் சீதனம். மாப்பிள்ளைக்கென்று அங்கே இருந்தது மரியாதை ஒன்றுதான். கோழிக்குப் பயந்து முற்றத்தைக் கடக்க முடியவில்லை என்று தெரிந்தால் அதுவும் போய்விடும்.

முதல் நாள் முறைத்துப் பார்த்தான். அது வாலை விரித்து, மூஞ்சி சிவந்து, இறக்கையைத் தரையில் இழுத்தபடி நெருங்கி வந்தது. மறுநாள் விளக்குமாறோடு இறங்கினான். மாமி கைறுன்னிஸா பார்த்துவிட்டார்.

"இர்ஷானா, புது மாப்பிள்ளைய முத்தம் கூட்ட விட்டிரிக்காய். சனம் என்ன சொல்லும்?"

பிறகுதான் கைப்பேசியில் ஒரு காணொளியைப் பார்த்தான். கண்ணைப் பார்க்காதே, குனிந்து உடம்பைச் சுருக்கு, தோற்றவனை எந்த மிருகமும் தொடாது என்றார் அதில் பேசிய கண்ணாடிக்காரர். தோற்பதில் இஷாமுக்கு ஆட்சேபம் இல்லை. யாரும் பார்க்காவிட்டால் சரி.

குந்தினான். சேவல் சுற்றிச் சுற்றி வந்தது, கொத்தவில்லை. ஆனால் அன்றிலிருந்து விடியுமுன்பே வாசலில் காத்துக் கிடந்தது. சமாதானத்துக்குச் சோறு வைத்தான். அது சந்திவரை பின்னாலேயே வந்தது. தேநீர் கொண்டுவந்த இர்ஷானாவைக் குசினி அடுப்புவரை துரத்தியது.

"என்னக் கொத்த வருது. அதுக்கு என்ன செஞ்ச நீங்க?"

"ஒண்டும் செய்யல்ல. பணிஞ்சுதான் போறன்."

"அப்ப இன்னும் கொஞ்சம் பணிஞ்சு பாருங்க."

இன்றைக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கேற்றடியில் தினமும் வரும் மீன்காரர் முகைதீன்பாவா மாமிக்கு மீன் நிறுத்துக்கொண்டிருந்தார். அவர்கள் பார்க்காத சமயமாக இஷாம் இறங்கி, நடுமுற்றத்தில் குந்தி, நெற்றி முழங்காலில் படக் குனிந்தான். சேவல் இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு அவன் முதுகில் ஏறி நின்றது.

"மாமி," என்றான் ஈனக் குரலில். "இத எடுங்க. என்னக் கொல்லப் போகுது."

மாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வீட்டில் பத்து வான்கோழி வளர்க்கிற முகைதீன்பாவா தராசை வைத்துவிட்டு வந்து, சேவலைத் தூக்கிக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டார்.

"கொல்ல வரல்ல தம்பி. அது ஒரு கிழமையா வால விரிச்சு உங்களக் கேட்டிரிக்கி, நீங்களும் பேட்டுக்கோழி மாதிரிக் குந்திச் சம்மதம் சொல்லிற்றிங்க."