யார் கையும் படாத பணம்

உலகத்திலேயே தூய்மையான பணம் கனடாவின் பூர்வகுடிகளான எங்கள் கிரீ மக்களின் அறக்கட்டளையில்தான் இருக்கிறது. அதில் யார் கையும் பட்டதில்லை. குறிப்பாக, அது யாருடைய பணமோ அவர்களுடைய கை.

நகரத்துச் சூதாட்ட விடுதியின் லாபத்தில் ஒரு பங்கு 'எங்கள் நலனுக்காக' அங்கே வந்து சேருகிறது. அதைக் காப்பது லேசான வேலை அல்ல. அறங்காவலர்கள் மாதாமாதம் அதே விடுதியின் மாடியில் அறை எடுத்துத் தங்கி, வாட்டிய மாட்டிறைச்சி தின்று, கேட்டு வருபவர்களிடம் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது முகமும் வாட வேண்டும். அந்தப் பக்குவம் எல்லோருக்கும் வராது. கூட்டங்களில் குறிப்பெடுப்பது என் உத்தியோகம். ஆகவே இந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் உண்டு.

எங்கள் டெல்ஃபின் அத்தைக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் மூன்று முறை நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்திகரித்தாக வேண்டும். ஊரில் இருந்த ஒரே வேன் ஜனவரிக் குளிரில் உயிரை விட்டது. அத்தை அறக்கட்டளையிடம் ஒரு வேன் கேட்டார். ஓட்டை வண்டியானாலும் சரி என்றார்.

கூட்டம் எங்கள் முறைப்படி தொடங்கியது. வாசனைப்புல் கொளுத்திப் புகை காட்டினார்கள். விடுதியின் தீ எச்சரிக்கை மணி அலறியது. பிரார்த்தனையை வெளியே பனியில், கார்களுக்கு நடுவே நின்று முடித்தோம். மாடிக்குத் திரும்பியதும் டொரொண்டோவிலிருந்து வந்த ஆலோசகர் பிராட்லி விளக்கினார். 'ஆரோக்கியம்' அனுமதிக்கப்பட்ட செலவு. வேன் ஆரோக்கியத்தில் சேராது, தேய்மானத்தில் சேரும். ஆனால் விடுதியே ஊர்ப் பெரியவர்களுக்குத் தினமும் இலவச பஸ் விடுகிறது, ஆஸ்பத்திரியோ எதிர்ச் சாரியில் இருக்கிறது, அப்புறம் என்ன கவலை என்றார். ஒரு டாலர்கூடச் செலவில்லாமல் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டது. கைதட்டினோம். பிராட்லியை நிற்க வைத்து, எங்கள் வழக்கப்படி மரியாதைக்குரிய நட்சத்திரப் போர்வை போர்த்தி, வரிசையில் போய்க் கைகுலுக்கினோம்.

பஸ்ஸுக்கு ஒரு சின்ன நிபந்தனை. வந்தவர்கள் ஒரு மணி நேரமாவது சூதாட வேண்டும். விடுதி கொடுத்த அட்டையில் அது பதிவாகாவிட்டால் அடுத்த முறை இடம் கிடையாது. பஸ் நிற்பது நாலு மணி நேரம். சிகிச்சைக்கு வேண்டியதும் நாலு மணி நேரம். அத்தை மூன்றாவது மணியிலேயே ஊசியை எடுக்கச் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து ஓடிவந்து சூதாட்ட எந்திரத்தில் காசு போட்டார். கால் வீங்கியது. இப்படியே போனால் கோடையைப் பார்க்க மாட்டீர்கள் என்றாள் நர்ஸ்.

சிகிச்சையைக் குறைக்காதீர்கள் என்று நானும் கெஞ்சினேன். அத்தை சிரித்தார்.

"ரெண்டு மெஷினும் என்னை உறிஞ்சத்தான் செய்யுது, பொண்ணே. ஆஸ்பத்திரி மெஷின் சுத்தம் பண்ணித் திருப்பிக் குடுக்குது. உங்க மெஷின் பாட்டு பாடி அனுப்பி வைக்குது."

மார்ச்சில் வாசலோரத்து எந்திரம் ஒன்றுக்குப் புத்தி பேதலித்தது. அத்தை ஒரு பொத்தானை அழுத்த, திரையில் எருமைப் படங்கள் ஒரே வரிசையில் வந்து நின்றன. அத்தை பரிசுக் காசோலையோடு நேராகப் போய் ஒரு வேன் வாங்கினார். அவர் மருமகன் ஓட்டினான். ஊரில் அதே வியாதிக்காரர்கள் எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். நாலு மணி நேரமும் நிம்மதியாகப் படுத்தார்கள். யாரும் ஆடப் போகவில்லை.

அறக்கட்டளை அத்தையையும் அழைத்து அவசரக் கூட்டம் போட்டது. வேன் கேட்டபோது ஒரு மாதம் கழித்துக் கூடியவர்கள், வேன் வந்ததும் மறுநாளே கூடினார்கள். தலைவர் ஆல்வின் ஸ்டோன்சைல்ட் மிகுந்த துயரத்தோடு பேசினார்.

"உன்னைக் குத்தம் சொல்லல, டெல்ஃபின். ஆனா விடுதிக்கு நஷ்டம்னா நம்ம பங்கும் குறையும். நீ தூக்கிட்டுப் போனது சமூகத்தோட பணம்."

அத்தை வாயிலிருந்த ரொட்டியை நிதானமாக மென்று விழுங்கினார்.

"சரி ஆல்வின். அப்ப நான் யாரு?"

கேள்வி ஆழமானது என்பதை அறங்காவலர்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டு, அதை ஆராயும் பொறுப்பைப் பிராட்லியிடம் ஒப்படைத்தார்கள். அவருக்கான கட்டணம் 'ஆரோக்கியம்' கணக்கிலிருந்து அன்றே போனது.

ஆய்வு நடக்கிறது. இதற்கிடையில், எங்கள் ஊருக்கு இதுவரை பணம் பங்கிட்டுக் கொடுத்த ஒரே அதிகாரியான அந்த எந்திரத்தை, பழுதாகிவிட்டது என்று சொல்லி விடுதிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.