கல்வராயன் மலையின் இரும்பு ரத்தம்

நுண்கிருமிகளோடு மனித குலம் நடத்திவரும் போரில் இறுதி வெற்றி, கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறையில் கிடைத்தது. முனைவர் கண்ணாயிரத்தின் 'மலைவாழ் எதிர்ப்பாற்றல் உயராய்வு மையம்' இயங்கியது அங்கேதான். அதில் உதவியாளராக இருப்பதில் பிரின்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்வராயன் மலைமேல் ஒரு சிற்றூரில் நாற்பது பேரிடம் அவள்தான் ரத்தம் எடுத்து வந்தாள். நாற்பதிலும் டைபாய்டு கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் படைபடையாக நின்றன.

"பாத்தியாம்மா! ஓடைத் தண்ணிய அப்படியே குடிக்கறாங்க. கிருமி உள்ள போவுது, உடம்பு பயிற்சி எடுத்துக்குது. இது ரத்தமா? இரும்பு!" முனைவர் நெகிழ்ந்தார். நெகிழ்ச்சி ஆறுவதற்குள் பரிந்துரையும் எழுதிவிட்டார். அவ்வூருக்கு வரவிருக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி மக்களின் 'இயற்கைப் பயிற்சி'யைக் கெடுத்துவிடுமாம், எனவே ஒத்திவைக்கலாமாம்.

நற்செய்தியைச் சொல்லப் பிரின்சியே மலையேறினாள். ஓடையில் கமலா என்ற பெண் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க ஊர்க்காரங்கள டைபாய்டு ஒண்ணும் செய்யாதாம்!"

"யாரும்மா சொன்னது?"

"ரத்தம் சொல்லுதுக்கா. நாப்பது பேருக்கும்..."

"உசுரோட இருக்கறவங்ககிட்டதான எடுத்துக்கினு போன?" கமலா குடத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு வருசத்துல அந்தக் காய்ச்சல்ல ஆறு பேரு பூட்டாங்க. எம்பொண்ணு தனுஷாவும்தான். அஞ்சு வயசு. அது இன்னா பயிற்சி எடுக்கும்?"

பிரின்சி குறிப்பேட்டை எடுத்தாள். ஆறு பெயர்களையும் கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த பேருந்தில் இறங்கி, நேராக முனைவரின் மேசையில் வைத்தாள்.

"சார், தொட்டி வேணாம்னு எழுதாதீங்க. பொழைச்சவங்கள மட்டும் பாத்துட்டு ஊரே இரும்புன்றோம். இவங்களயும் சேக்கணும் சார்."

முனைவர் பட்டியலைப் பொறுமையாகப் படித்தார். அறிவியலில் ஒரு பெயர்கூட விடுபடக் கூடாது என்பது அவர் கொள்கை.

"சேத்துடலாம்மா."

சொன்ன சொல் தவறவில்லை. மறுவாரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த கூட்டத்தில் அறிக்கை பலத்த கைதட்டலோடு ஏற்கப்பட்டது, தொட்டி ஒத்திவைக்கப்பட்டது. பிரின்சி கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ஆறு பெயர்களும் எழுத்துப்பிழையின்றி அச்சாகியிருந்தன, தனுஷா, வயது ஐந்து உட்பட. மேலே தடித்த எழுத்தில் தலைப்பு: 'ரத்தம் கொடுக்காமல் ஆய்வுக்கு ஒத்துழைக்க மறுத்தவர்கள்.'