முன்னூறு பாட்டுப் புத்தகமும் முரண்டுபிடித்த கம்ப்யூட்டரும்

காக்ஸ் டவுன், பெங்களூர்
புதன்கிழமை மத்தியானம்

பிரியமுள்ள தங்கை ஜூலியாவுக்கு,

அண்ணன் ஃபிராங்க்ளின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அண்ணி சரளாவும் இங்கே சுகம். தங்கவயலில் நீயும் கல்யாணப் பெண் நிக்கோலும் சுகம் என்பது நேற்று போனிலேயே தெரிந்துவிட்டதால் அதை மறுபடி விசாரிக்கவில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உன் வீட்டுக் குக்கர் விசில் அடித்துவிடுகிறது. இது பாதியில் விட்டுவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை. கம்ப்யூட்டர் திறந்துவிட்டது ஜூலியா.

சனிக்கிழமை கல்யாண ஆராதனைக்குப் பாட்டுப் புத்தகம் நான்தான் அடிப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா. 2006க்குப் பிறகு நம் குடும்பத்தில் நடந்த ஒன்பது கல்யாணத்துக்கும் புத்தகம் இந்தக் கையால், இந்தக் கம்ப்யூட்டரில் அடித்ததுதான். இது மச்சான் இல்லாமல் நடக்கிற கல்யாணம். அவர் இடத்தில் நிற்க என்னால் முடியாது, தாய்மாமனாக இந்த ஒரு காரியத்தையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று மனசுக்குள் ஒரு தவிப்பு. நிக்கோலோ, “மாமா, நீங்க எதுக்கு கஷ்டப்படுறீங்க, பெஞ்சுக்குப் பெஞ்சு ஒரு க்யூஆர் கோடு ஒட்டிட்டா எல்லாரும் போன்ல பாத்துப் பாடிடுவாங்க” என்கிறாள். டீக்கடையில் காசு கட்டுகிற கட்டத்தைப் பார்த்துக் கீர்த்தனை பாடுவதா? வியாழக்கிழமைக்குள் புத்தகம் வராவிட்டால் க்யூஆர் கோடுதான் என்று அவள் கெடு வைத்தாள். எனக்கு இருந்த ரோஷத்தில் நானும் சரி என்றுவிட்டேன்.

போன சனிக்கிழமை சாவகாசமாக உட்கார்ந்து தமிழ் அடிக்கிற புரோகிராமைத் தட்டினால் மணல் கடிகாரம் வருகிறது, இரண்டு சுற்றுச் சுற்றுகிறது, போய்விடுகிறது, புரோகிராம் வரவில்லை, மறுபடி தட்டினால் மறுபடி அதே மணல் கடிகாரம், சரி, தூசியாக இருக்கும் என்று பக்கத்துத் தகட்டைக் கழற்றி சரளாவின் கோலப்பொடி பிரஷ்ஷால் பெருக்கினேன், உள்ளே இருக்கிற அட்டையை எடுத்துப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தால் சரியாகிவிடும் என்று எப்போதோ யாரோ சொன்ன ஞாபகத்தில் அதையும் தேய்த்தேன், தேய்த்த அட்டையைத் திருப்பிச் செருகியதில் கம்ப்யூட்டர் விடாமல் கூவ ஆரம்பித்தது, நாலு தரம் எடுத்துச் செருகிய பிறகு கூவல் நின்றது, தகட்டை மூடியபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சம், புரோகிராம் அப்போதும் திறக்கவில்லை. சரளா வந்து பார்த்தாள். “ஏங்க, தொறக்காததைத் தொறக்கப் போயி, தொறந்து வச்சதையும் மூட முடியாம ஆக்கிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளுடைய பிரஷ் கறுத்துப் போன கோபம் அது.

அப்புறம்தான் மாடியில் குடியிருக்கிற ரகுவின் ஞாபகம் வந்தது. வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சம்பளமும் நல்ல சம்பளம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு அவரைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, “நான் டெஸ்டிங் அங்கிள். தப்பு எங்க இருக்குன்னு சொல்றதோட என் வேலை முடிஞ்சுது. சரி பண்றது வேற டீம்” என்றார். எந்த டீம் என்றேன். “இங்க நீங்கதான் அங்கிள்” என்றார். ஆனால் ஆள் கெட்டிக்காரர். திரையின் மூலையைக் காட்டி, “உங்க கம்ப்யூட்டருக்கு இன்னைக்கு 2002 ஜனவரி ஒண்ணு” என்றார்.

விஷயம் இதுதான். உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறதாம். கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியைக் காப்பாற்றுவது அதன் வேலை. நான்தான் வாசல் தாண்டினாலே மெயினை அணைப்பவன் ஆயிற்றே, ஃபேக்டரி ஸ்டோரில் முப்பத்திரண்டு வருஷப் பழக்கம். பேட்டரி ராப்பகலாக உழைத்து உயிரை விட்டுவிட்டது. தேதி 2002க்குப் போய்விட்டது. புரோகிராமை நான் வாங்கியது 2006. “வாங்காத புரோகிராம் எப்படி அங்கிள் தொறக்கும்?” என்றார் ரகு. “ஃப்ரிட்ஜுல பால் திரிஞ்சப்பவே சொன்னேன், மெயினை அணைக்காதீங்கன்னு. நான் சொன்னா அது டெஸ்டிங் இல்லயாம்” என்றாள் சரளா.

ரகு போன பிறகு நானே வருஷத்தை ஒவ்வொன்றாக ஏற்றினேன். 2003, திறக்கவில்லை. 2004, 2005, ஊஹூம். 2006லும் மணல் கடிகாரம்தான், நான் வாங்கியது அந்த வருஷக் கடைசியில் அல்லவா. 2007 வைத்துத் தட்டினேன். திறந்தது ஜூலியா, பழைய நீல நிறத்தில், தமிழ் எழுத்து அத்தனையும் வரிசையாக. நான் போட்ட சத்தத்தில் சரளா தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். இந்த வருஷம் வரைக்கும் ஏற்ற வேண்டாமா என்று கேட்டாள். எதற்கு? ஓடுகிற மெஷின்மேல் கை வைக்கக்கூடாது என்பது எங்கள் ஸ்டோரின் முதல் சட்டம். 2007லேயே நிறுத்தினேன்.

அன்றிலிருந்து பிரின்ட் எடுக்கிற வரைக்கும் மெயினை அணைக்கவில்லை, கடைக்கும் போகவில்லை, கம்ப்யூட்டருக்குக் காவலாக உட்கார்ந்தேன். திங்கட்கிழமை முழுக்க அடித்து முடித்தேன். நேற்றுக் காலை பிரின்ட். என் கல்யாண ஃபைல் எல்லாம் ‘மேரேஜ்’, ‘மேரேஜ் நியூ’, ‘மேரேஜ் நியூ ஃபைனல்’ என்று ஒரே குடும்பமாகக் கிடக்கும். நல்லவேளை, கடைசித் தேதியில் அடித்ததைக் கம்ப்யூட்டரே மேலே வைத்துவிடும். மேலே இருந்ததை எடுத்து பிரின்ட் கொடுத்தேன். நம் வீட்டுக் கல்யாணங்களில் எப்போதும் பாடுகிற அதே ஆறு கீர்த்தனையையும் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர், “முன்னூறு காப்பியா சார், ஸ்வல்ப லேட் ஆகும்” என்றார். ஆகட்டும் என்று நின்றே வாங்கி வந்தேன். நிக்கோல் அனுப்பிய கலர் அட்டையைப் போட்டுப் பின் அடித்தாயிற்று. கெடுவுக்கு ஒரு நாள் முன்னாலேயே பெட்டி பஸ் ஏறுகிறது. க்யூஆர் கோடு பேச்சை இனி யாரும் எடுக்க வேண்டாம் என்று உன் மகளிடம் சொல்.

மணமக்கள் நிக்கோலையும் கிளமென்ட்டையும் ஆண்டவர் ஆசீர்வதித்து, அவர்கள் வீட்டில் எதுவும் மக்கர் பண்ணாமல் காப்பாராக. சபையாருக்கெல்லாம் என் தோத்திரம் சொல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவோம்.

இப்படிக்கு
உன் பிரியமுள்ள அண்ணன்
ஃபிராங்க்ளின்

பின்குறிப்பு: பெட்டிக்குக் கயிறு கட்டும்போது சரளா சும்மா ஒரு புத்தகத்தைப் பிரித்தாள். ஏழாம் பக்கத்தில், மணமக்கள் வாக்குக் கொடுக்கிற இடத்தில், “ராகேஷ் ஆகிய நான் தர்ஷினி ஆகிய உன்னை” என்று இருக்கிறது. தர்ஷினி, சரளாவின் அக்கா மகள்தான். 2019ல் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஓடிப்போய்ப் பார்த்தேன். நான் திங்கட்கிழமை அடித்த நிக்கோல் புத்தகத்துக்குக் கம்ப்யூட்டர் 2007 என்று தேதி போட்டு, 2019க்கு எவ்வளவோ கீழே தள்ளி வைத்திருக்கிறது. முன்னூறிலும் தர்ஷினிதான். மறுபடி அடிக்கலாம் என்றால் அதற்குள் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது, வந்தால் 2002தான். பெட்டி வந்ததும் யாரும் திறக்காமல் உன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு. நிக்கோலிடம் சொல்லி முன்னூறு க்யூஆர் கோடு அடித்து வைக்கச் சொல், ஏழாம் பக்கம் முழுக்க மறைகிற அளவுக்குக் கொஞ்சம் பெரிதாக. ஒட்டுகிற வேலையை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால், புத்தகம், கோடு இரண்டும் இருக்கட்டும் என்று ஆரம்பத்திலிருந்தே மாமாதான் சொன்னார் என்று சொல்.