சத்தியவேட்டுத் தராசு

ஆப்பிள் விழுந்ததற்குப் பிறகு பௌதிகத்தில் நடந்த மாபெரும் சம்பவம், திருப்பதியில் ஒரு கல்லூரியில் 'உள்ளூர் உபகரண ஊக்குவிப்புக் குழு' கூடியதுதான். குழுவில் ஒன்பது பேர். ஊக்கத்துக்குக் குறைவே இல்லை. முதல் கூட்டத்திலேயே வடை தீர்ந்துவிட்டது.

சத்தியவேட்டில் கடைசல் பட்டறை வைத்திருந்த முனிரத்தினத்துக்கு இந்த மகிமையெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, அந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படிக்கும் மகள் தாட்சாயணியின் புலம்பல்தான். வகுப்பில் நாற்பது பேருக்கு ஒரே ஜெர்மன் தராசு.

"வாத்தியாருதான் அத்த தொடுவாரு, நைனா. நாங்க அவரு முதுகப் பாத்துக்கினு கீறோம். ஏப்ரல்ல செய்முறைப் பரீட்ச. கை நடுங்குச்சின்னா பெயிலுதான்."

பெற்ற மனம் பொறுக்குமா? பித்தளையை உருக்கிக் கடைந்து, அரைக் கடுகு வைத்தாலும் முள் அசைகிற மாதிரி ஒரு தராசு செய்தார். ஜெர்மன்காரன் விலையில் பத்தில் ஒரு பங்குதான் ஆயிற்று. கண்ணாடிப் பெட்டியோடு அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

குழுத் தலைவர் ஆதிநாராயணன் கடுகை வைத்துப் பார்த்தார். மெய்சிலிர்த்தார். பிறகு விதியைப் பார்த்தார்.

"முனிரத்தினம், தராசு சால பாகுந்தி, ரொம்ப நல்லா கீது. ஆனா இது உள்ளூர்ச் சாமான் இல்லியே. சத்தியவேடு மெட்ராஸ் ராஜ்யம். நாங்க ஆந்திரா."

"காலைல பஸ் ஏறுனேன் சார், மத்தியான சோத்துக்கு முன்ன வந்துட்டேன். ஜெர்மனி இன்னும் கிட்டவா?"

"ஜெர்மனி வெளிநாடுன்னு விதியில தெளிவா போட்டிருக்கு. அதுல சிக்கலே இல்ல. நீங்கதான் சிக்கல்."

முனிரத்தினம் தராசை அங்கேயே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். எல்லையை நகர்த்த அவரால் ஆகுமா? ஆனால் இரண்டு சர்க்கார்களும் சேர்ந்து நகர்த்தின. 1960 ஏப்ரல் முதல் தேதி சத்தியவேடு ஆந்திராவுக்கு வந்தது. பட்டறையை விட்டு எழுந்திருக்காமலே முனிரத்தினம் 'உள்ளூர்' ஆனார். குழு அன்றே அவரையும் வரவழைத்துக் கூடித் தராசை ஏற்றுக்கொண்டு, அதற்கு மாலையும் போட்டது.

"இனிமே பசங்க தொடலாமா, சார்?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"தொடறதா? இது தேசத்தோட சொத்து," என்று பதறிய ஆதிநாராயணன் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போட்டார். ஜெர்மன் தராசு மனம் வருந்தக் கூடாதென்று அதற்கும் ஒன்று போட்டார்.

திங்கட்கிழமை பரீட்சை. முனிரத்தினம் ஜன்னலுக்கு வெளியே நின்றார். குழுவின் வெற்றியை எடுத்துரைக்க ஆதிநாராயணன் ஐதராபாத் போயிருந்தார். சாவிகளும் கூடவே போயிருந்தன. வேறு வழியில்லாமல், வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் வாயாலேயே கேட்டார்.

"தராசின் பாகங்களைச் சொல்லும்மா."

"கோலு, தட்டு, முள்ளு, பூட்டு," என்றாள் தாட்சாயணி.

"பூட்டு தராசின் பாகமா?"

"நான் பாத்தது ரெண்டே தராசு, சார். ரெண்டுலயும் அது ஒண்ணுதான் வேல செய்யுது."