தருமலிங்கம் காத்த வழக்கம்

ஊருக்கு ஒருவர் வீதம் கடவுள் இந்த நாட்டுக்கு அருளியிருக்கும் ஓர் இனம் உண்டு: வழக்கம் தெரிந்தவர். பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்ளலாம். தோளில் துண்டு இருக்கும், உட்கார நாற்காலி இருக்கும், வேலை இருக்காது. யாராவது எதையாவது புதிதாகக் கேட்டுவிட்டால், கண்ணை மூடி, தலையை மெதுவாக ஆட்டி, "அது நம்ம வழக்கம் இல்லியே" என்பார். யார் ஏற்படுத்திய வழக்கம், எப்போது ஏற்பட்டது என்றெல்லாம் கேட்டுவிடாதீர்கள். கேட்பதும் வழக்கமில்லை.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இந்தப் பதவியை வகிப்பவர் தருமலிங்கம். ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். நல்ல ஏற்பாடுதான். அடிதடி இல்லாமல் எல்லாரும் பிழைக்க வேண்டுமென்று வந்தது. ஆனால் தருமலிங்கம் அதை விளக்க ஆரம்பித்தால், அவரே ஏரியை வெட்டி, தண்ணீர் ஊற்றி, மீனையும் விட்டவர் மாதிரி இருக்கும். வழக்கத்தில் மனிதர் அவ்வளவு கண்டிப்பு. நைலான் வலை வந்தது, வழக்கம் ஒதுங்கி வழிவிட்டது. படகுக்கு மோட்டார் வந்தது, வழக்கம் தூங்கிவிட்டது. செல்போனில் இறால் விலை பேசினார்கள், வழக்கத்துக்குக் காது கேட்கவில்லை. பெண்களும் ஊர்க்கூட்டத்தில் பேசலாமே என்று ஒரு நாள் யாரோ வாயெடுத்தார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் அது துள்ளியெழுந்தது!

பெண்கள் என்றால் யார்? அவருடைய மனைவி லோகாம்பாள் உட்பட, வலையில்லாமல் வெறுங்கையால் இறால் பிடிக்கிறவர்கள். கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் துழாவி, அகப்பட்ட இறாலை, பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் பறி என்ற ஓலைக்கூடையில் போடுகிறவர்கள். வலை இல்லாததால் அவர்களுக்குப் பாடு இல்லை. பாடு இல்லாததால் கூட்டத்தில் இடம் இல்லை. வாயில்தான் பறி இருக்கிறதே, பேச்சு வேறு எதற்கு என்பது தருமலிங்கத்தின் கட்சி.

கரையேறிய பிறகு அவர்களுக்குச் சேலை மாற்ற ஒரு மறைவு கிடையாது. நனைந்த சேலையோடு இறாலை அலசி, நனைந்த சேலையோடு பொன்னேரிச் சந்தைக்குப் பஸ் ஏறினால், சீட்டு ஈரமாகிவிடும் என்று கண்டக்டர் நிற்க வைத்துவிடுவார். உப்புத் தண்ணீரில் ஊறிய துணி உரசி உரசி லோகாம்பாளுக்குத் தொடையெல்லாம் புண். கரையோரமாகக் கதவு வைத்த ஓர் அறை, அதற்குள் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய். அவள் கேட்டது இவ்வளவுதான். பாவம், நியாயமான ஆசை. கேட்ட வீடுதான் தப்பு.

அந்தச் சமயம் பார்த்து, ஊருக்கு ஏதாவது கட்டித் தருவதற்காக ஏதோ ஒரு துறையிலிருந்து பெனிட்டா என்ற அதிகாரி வந்து சேர்ந்தார். படித்தவர், தங்கமான மனசு. மக்களின் பண்பாட்டை மதித்துத்தான் திட்டம் போடவேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பண்பாடு எங்கே இருக்கிறது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. பெண்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று மெல்லச் சொன்னார்.

"எங்க பொம்பளைங்க வெக்கப்படுவாங்க மேடம்" என்றார் தருமலிங்கம். "வேத்தாளு முன்னாடி வந்து பேசுறது எங்க வழக்கத்துலயே இல்ல."

பெனிட்டாவுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. அந்த வெட்கத்தை மதித்து, பெண்களுக்காகப் பேசும் பொறுப்பைத் தருமலிங்கத்திடமே விட்டுவிட்டார். பெண்களுக்கு என்ன வேண்டுமாம்? அலங்கார வளைவு வேண்டுமாம்! தார் ரோடு முடிந்து மணல் ஆரம்பிக்கிற இடத்தில், யானைக்கால் பருமனில் இரண்டு தூண்கள், உச்சியில் பறியைக் கடித்தபடி இறால் துழாவும் ஒரு பெண் சிலை. நம் பண்பாட்டை நாலு பேர் பார்க்க வேண்டாமா? துணி மாற்றும் அறை கட்டினால் யார் வந்து பார்ப்பார்கள்? யாரும் பார்க்கக்கூடாது என்பதற்குத்தானே அதைக் கேட்கிறார்கள்?

சேதி வீட்டுக்கு வந்தபோது லோகாம்பாள் புண்ணுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"சிமெண்டுப் பொம்பளைக்கு வீடு கட்டுறாங்க, எனக்கு ஒரு தட்டி கூட இல்லியா?" என்று கேட்டாள்.

ஊர்ப் பெருமை உனக்கெங்கே தெரியப்போகிறது என்று அவர் சலித்துக்கொண்டார். அவள் எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து சோறு போட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

திறப்பு விழாவும் வந்தது. ஏரியைப் பார்த்தாற்போல் மணலில் பந்தல், மேளம், மைக். பெரிய அதிகாரி ஒருவர் பெனிட்டாவோடு காரில் வந்து, ரிப்பன் வெட்டி, வளைவுக்குள் நுழைந்து பந்தலுக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. கார் வந்து நின்றது. ரிப்பனைக் காணோம். தூணுக்குத் தூண் முன்பக்கம் இரண்டு சேலை, பின்பக்கம் இரண்டு சேலை, இறுக்கிக் கட்டியிருந்தது. கரையேறிய பெண்கள் அத்தனை பேரும் உள்ளே.

தருமலிங்கம் பந்தலிலிருந்து துண்டு பறக்க ஓடினார். கலெக்டரே வந்த மாதிரி ஒரு பெரிய மனுஷர் வெயிலில் நிற்கிறார், இதென்ன கூத்து, உடனே பிரித்து எடுங்கள் என்று கத்தினார்.

உள்ளேயிருந்து லோகாம்பாளின் குரல் நிதானமாக வந்தது. "துணி மாத்திக்கினு இருக்கோம். பொம்பளைங்க துணி மாத்துற எடத்துக்கு ஆம்பள வர்றது எப்பத்துலேர்ந்துயா நம்ம வழக்கம்?"

சேலையைப் பிடித்து இழுக்க நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. தன்னிடமிருந்த வழக்கம் முழுவதையும் மனசுக்குள் கொட்டிக் கிளறிப் பார்த்தார். எங்காவது ஒரு ஓட்டை இருக்காதா? இல்லை. பெண்கள் குளிக்கும் பக்கம் வந்துவிட்டால் படகைத் திருப்பிக்கொண்டு போகிற ஊர் அது. அவரிடம் இருந்த வழக்கங்களிலேயே, அவர் கைபடாத, அசல் வழக்கம் அது ஒன்றுதான்! பந்தலில் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மனிதர் வேறு வழியில்லாமல், வளைவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றார். இன்னும் எவ்வளவு நேரம் என்று பெரிய அதிகாரி காரிலிருந்து கேட்டார்.

"பொம்பளைங்க... வெக்கப்படுவாங்க சார்" என்றார் தருமலிங்கம். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

பெனிட்டா மட்டும் சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது முகம் செத்துக் கிடந்தது. தொடைப் புண்ணைப் பயிற்சியில் காட்டியிருக்க மாட்டார்கள் போலும். அறையை எந்த இடத்தில் கட்டலாம் என்று அவர் லோகாம்பாளைத்தான் கேட்டார். வெட்கமெல்லாம் படாமல் அவளும் கையை நீட்டிக் காட்டினாள்.

அறை வந்தது, கதவு வந்தது, குழாயில் தண்ணீரும் வந்தது. ஆச்சரியப்பட வேண்டாம், திறந்து வைத்துப் பேசியவர் தருமலிங்கம்தான். கரையில் பெண்களுக்கென்று ஒரு மறைவு வைப்பது காலங்காலமாக எங்கள் ஊர் வழக்கம் என்று மைக்கில் முழங்கினார். ஊரும் ஆமாம் போட்டது. லோகாம்பாள் அதைக் கேட்கவில்லை. காய்ந்த சேலை கட்டிக்கொண்டு, பொன்னேரி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள்.

சிரிக்கிறீர்கள். எங்கோ ஏரிக்கரையில் எவனோ ஒரு தருமலிங்கம், நமக்கென்ன என்று சிரிக்கிறீர்கள். நல்லது. போகிற போக்கில் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைசியாக உட்காருவது யார்? அப்படி யார் முடிவு செய்தது? "எங்க வீட்ல எப்பவும் அப்படித்தாங்க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டதா? கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். சமையலறையில் அவர் இன்னும் சாப்பிடாமல்தான் நின்றுகொண்டிருக்கிறார்.