பாசிர் கூடாங் லிண்டாவும் எங்க வீட்டு ஜெபக் கூட்டமும்

சனிக்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். வீட்டுக் கம்ப்யூட்டர்ல சும்மா சும்மா எட்டிப் பாக்குற விளம்பரங்களை நிறுத்தணும்.

அன்னிக்குச் சாயங்காலம் எங்க வீட்டுல ஜெபக் கூட்டம். எங்க ஊர் பெர்மாஸ் ஜெயாவுல, எங்க வட்டாரத்துக் குடும்பங்க மாசம் ஒரு வீட்டுல கூடுவோம். இந்தத் தடவை புதுசா வந்திருக்கிற ஃபாதரும் வர்றார். கம்ப்யூட்டரை டிவியோட இணைச்சு, பாட்டு வரிகளைப் பெருசா காட்டலாம்னு சொன்னது யாரு? நான்தான். "டெக்னாலஜி எல்லாம் நான் பாத்துக்குறேன்"னு வாட்ஸ்அப் குழுவுல வாய்ஸ் மெசேஜ் வேற போட்டேன்.

என் மனைவி ஸ்டெல்லா அப்பவே கேட்டா.

"உங்களுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"பாசிர் கூடாங்குல ஒரு கெமிக்கல் ஃபேக்டரியே என் கையில ஓடுது. இது என்ன லா!"

ஃபேக்டரியில நான் பாக்குறது வால்வு. திறக்கச் சொன்னா திறப்பேன், மூடச் சொன்னா மூடுவேன். அவ்வளவுதான்.

சரி, கம்ப்யூட்டரைத் திறந்தேன். வலது பக்கம் கீழ் மூலையில 'டிங்'னு ஒரு பெட்டி. உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு, சுத்தம் பண்ண இங்க அமுக்குங்கன்னு போட்டிருந்துச்சு.

நல்ல மனுஷன், அவனே வழியும் சொல்றானேன்னு அமுக்கிட்டேன்.

திருடனே வந்து கதவைத் தட்டி, "அண்ணே, உங்க வீட்டுல திருடன் பூந்துட்டான், நான் பூட்டு மாத்தித் தரவா?"ன்னு கேட்டா, யாராவது சாவியத் தூக்கிக் குடுப்பாங்களா? நான் குடுத்தேன்.

ஏதோ ஒரு சாஃப்ட்வேர் சாமான் உள்ள இறங்குச்சு. இறங்கினதும் அது கண்டுபிடிச்ச வைரஸைப் பாத்தா, எங்க கம்ப்யூட்டர் உயிரோட இருக்குறதே அதிசயம்! எல்லாத்தையும் அழிக்கணும்னா கிரெடிட் கார்டு நம்பரைத் தட்டச் சொல்லுச்சு.

அங்கதான் எனக்குக் கொஞ்சம் புத்தி வந்துச்சு. அதைத் தூக்கிரலாம்னு போனேன். ஒரு அழுவுற மூஞ்சி வந்து, "நெஜமாவே என்னைப் போகச் சொல்றீங்களா?"ன்னு கேட்டுச்சு. கீழ பெருசா பச்சையா ஒரு பட்டன். நான் அமுக்கினேன்.

பச்சை பட்டன், 'வேணாம், நீ இரு'ன்ற பட்டனாம். போகச் சொல்ற பட்டன் ஓரத்துல எறும்பு சைசுல இருந்துச்சு. நான் மனசு மாறிட்டேன்னு அதுக்கு ஒரே சந்தோஷம். பரிசா இன்னொரு சாமானையும் கூட்டிட்டு வந்துச்சு!

அலமாக், போச்சுடா!

பக்கத்துக் கடைவரிசையில இருக்குற கம்ப்யூட்டர் கடைக்கு போன் அடிச்சேன். கடை முதலாளி, சீனத் தவுக்கே, என் கதையைப் பாதியிலேயே நிறுத்திட்டார்.

"போஸ், ஃபோர்மாட் லா. திங்கக்கெழமை வந்து எடு."

"தவுக்கே, இன்னிக்கு சாயங்காலமே வேணும்."

"அப்போ சாமி கும்புடு லா."

அதுக்குத்தான் தவுக்கே கம்ப்யூட்டரே வேணும்!

திரும்ப வந்து உக்காந்தேன். ஸ்டெல்லா பின்னாடி நின்னு துண்டால கை தொடச்சுக்கிட்டு இருந்தா. கரெக்டா அந்த நேரம் பாத்து திரை முழுக்க ஒரு பொண்ணு. கை இல்லாத சட்டை, நல்ல சிரிப்பு. கீழ இங்கிலீஷ்ல, 'லிண்டா, பாசிர் கூடாங். உனக்காகக் காத்திருக்கிறாள்.'

ஸ்டெல்லா கை தொடைக்கிறதை நிறுத்திட்டா.

"யாரு லிண்டா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதவ எதுக்கு உங்களுக்காகக் காத்திருக்கணும்?"

"ஐயோ, அவ எனக்காக மட்டும் இல்ல, எல்லாருக்காகவும் காத்திருப்பா!"

"எல்லாருக்காகவும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் லிண்டாவை மூட மவுஸைத் தேடினேன்.

"போன வாரம் பாசிர் கூடாங்குலதான ஓவர்டைம்னு சொன்னீங்க?"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. அதுக்கப்புறம் அங்க சட்டி பானை மட்டும்தான் பேசுச்சு.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நோயைக் குணப்படுத்த முடியலன்னா மறைக்கணும். பெட்டி எல்லாம் பெரும்பாலும் வலது கீழ் மூலையிலதான வருது? டிவிக்கு முன்னாடி, அந்த மூலையை மறைக்கிற மாதிரி, ஒரு பெரிய பூச்சாடியை வெச்சேன். உள்ள பிளாஸ்டிக் ரோஜா. பிரமாதம்!

சாயங்காலம் எல்லாரும் வந்தாங்க. ஃபாதர் பூச்சாடியைப் பாத்து, "அழகா அலங்காரம் பண்ணியிருக்கீங்க"ன்னார். ஸ்டெல்லா என்னைப் பாத்தா. நான் ஃபேனைப் பாத்தேன்.

முதல் பாட்டு நல்லாவே போச்சு. ரோஜாவுக்குப் பின்னாடி ரெண்டு தடவை 'டிங்'. எல்லாரும் அவங்கவங்க கைப்பேசியை எடுத்துச் சத்தத்தைக் குறைச்சாங்க. நானும் என்னோடதை எடுத்துப் பாத்து நடிச்சேன்.

ரெண்டாவது பாட்டுல திரை முழுக்க வந்து நின்னா லிண்டா.

வரியைப் பாத்துப் பாடிக்கிட்டிருந்த கூட்டம், 'ஆண்டவரே'ன்னு இழுத்த இழுப்புலேயே நின்னுச்சு. எங்க வீட்டு டிவி அம்பத்தஞ்சு அங்குலம். தள்ளுபடியில வாங்கினப்போ பெருமையா இருந்துச்சு.

பாஞ்சு போய் மவுஸைப் புடிச்சு, மேல இருந்த எக்ஸை அமுக்கினேன். லிண்டாவோட தோழிங்க ரெண்டு பேர் வந்தாங்க. இன்னொரு எக்ஸை அமுக்கினேன். கொரியாவுல இருந்து ஒருத்தி!

அப்பத்தான் பின்னாடி இருந்து ஒரு குரல்.

"தம்பி, அதை அமுக்காதீங்க! அது பொய் எக்ஸு! கொஞ்சம் பொறுங்க, இடது பக்கம் சாம்பல் கலர்ல சின்னதா ஒண்ணு வரும், அதான் உண்மையான எக்ஸு. அப்புறம் 'போயிடுவியா'ன்னு ஒரு பெட்டி கேக்கும், மயங்கிராதீங்க!"

திரும்பிப் பாத்தா சேவியர் அண்ணன். எங்க வட்டாரத் தலைவர். கூட்டத்துல பைபிள் வாசிக்கிறவர். வேற எதுக்கும் வாயே திறக்காத மனுஷன்.

சொன்ன மாதிரியே சாம்பல் எக்ஸ் இடது பக்கம் வந்துச்சு. 'போயிடுவியா'ன்னும் கேட்டுச்சு. நான் மயங்கல. லிண்டா போயிட்டா.

சேவியர் அண்ணனோட மனைவி பிலோமினா அக்கா மெதுவா அவர் பக்கம் திரும்புனாங்க.

"உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம் தெரியும்?"

"ஆபீஸ்ல... பசங்க பேசிக்குவாங்க."

"நீங்க ரிட்டையர் ஆகி ஆறு வருஷமாச்சு."

ஃபாதர் கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் தொடச்சார். அப்புறம், "சேவியர், விஷயம் தெரிஞ்சவர் நீங்கதான். நீங்களே உக்காருங்க"ன்னார்.

அண்ணன் வேர்க்க வேர்க்க உக்காந்தார். பிரவுசர் செட்டிங்ஸுக்குள்ள போனார். எந்தெந்த இணையதளத்துக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி குடுத்திருக்கோம்னு வரிசையா காட்டுச்சு. ஒவ்வொண்ணா நிறுத்தினார். நான் இறக்கின ரெண்டு சாமானையும் அந்த எறும்பு பட்டனைத் தேடிப் புடிச்சுத் தூக்கினார்.

"இது வெளியில இருந்து பூந்தது இல்ல தம்பி. 'நீங்க ரோபோ இல்லன்னா, அனுமதின்னு அமுக்குங்க'ன்னு ஒரு பெட்டி வந்திருக்கும். யாரோ அமுக்கியிருக்காங்க."

"நான் இல்லண்ணே! சத்தியமா நான் இல்ல!"

சோபா ஓரத்துல இருந்து ஸ்டெல்லாவோட குரல் சன்னமா வந்துச்சு. "கேக் டிசைன் பாக்கும்போது கேட்டுச்சு... நான் ரோபோ இல்லதானே?"

நான் எழுந்து நின்னேன். வாழ்க்கையில இப்படி ஒரு சந்தர்ப்பம் மறுபடி வராது. பேச வாயைத் திறந்தேன்.

"தங்கச்சி அமுக்குனதுக்கு டிங் டிங்னு பெட்டி மட்டும்தான் வந்திருக்கும்"னார் சேவியர் அண்ணன். "இந்தத் திரை முழுக்க வர்ற பொண்ணுங்க எல்லாம் தம்பி இன்னிக்கு இறக்கின சாமான்ல இருந்து வந்தவங்க."

உக்காந்துட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு 'டிங்' இல்ல. ஜெபம் நல்லபடியா முடிஞ்சு, எல்லாரும் கேசரி சாப்பிட்டுக் கெளம்புனாங்க. சேவியர் அண்ணன் மட்டும் கேசரியைத் தொடல. அவர் தட்டு, பிலோமினா அக்கா கையில இருந்துச்சு.

அடுத்த மாசக் கூட்டம் அவங்க வீட்டுலதான். டிவி கெடையாது, எல்லாரும் பாட்டை மனப்பாடம் பண்ணிட்டு வாங்கன்னு அக்கா குழுவுல செய்தி போட்டுட்டாங்க.